சுழல மறுக்கும் எஞ்சின்: போடி மலையடிவாரத்துப் பழைய ஜீப்புகளும் செல்ஃப் கோளாறும்

பழைய மோட்டார் வண்டி ஒன்று கிளம்பவில்லை என்று சொல்லப்படும்போது அந்த முறையீட்டுக்குள் இரு வேறு கோளாறுகளில் ஏதேனும் ஒன்று இருக்கலாம். எஞ்சின் நன்றாகச் சுழன்றும் தீப்பிடிக்காமல் போவது ஒன்று. ஸ்விட்சை எத்தனை முறை அழுத்தினாலும் எஞ்சின் சுழலவே மறுப்பது மற்றொன்று. முன்னதற்குக் காரணம் பெட்ரோலிலோ, பிளக்கிலோ, இக்னிஷன் காயிலிலோ, தீப்பொறியைச் சிலிண்டர்களுக்குப் பங்கிட்டுத் தரும் டிஸ்ட்ரிபியூட்டரிலோ இருக்கும். பின்னதற்கு இவற்றுள் எதுவும் காரணமாகாது. பட்டறைகளில் 'செல்ஃப் எடுக்கவில்லை' என்று குறிக்கப்படும் இந்த இரண்டாவது கோளாறே இக்கட்டுரையின் பொருள். இரண்டையும் பிரித்தறியாமல் கார்புரேட்டரைக் கழற்றுவதில் தொடங்கிய பழுதுபார்ப்புகள் பல, வண்டியை முன்னிருந்ததைவிட மோசமான நிலைக்குக் கொண்டுபோய்விட்டிருக்கின்றன.

போடிநாயக்கனூரிலிருந்து தேவாரம் செல்லும் சாலையில் உள்ள ராசிங்காபுரமும் அதைச் சுற்றியுள்ள ஊர்களும் ஜீப்பை நம்பி வாழும் ஊர்கள். ஏலத்தோட்ட வேலைக்குச் செல்வோர், அவர்களுள் பெரும்பாலோர் பெண்கள், விடியுமுன்பே ஜீப்பில் ஏறி, முந்தலைக் கடந்து, 17 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட மலைப்பாதையில் போடிமெட்டை அடைந்து, அங்கிருந்து கேரளத்தின் பூப்பாறை, உடும்பன்சோலைப் பகுதித் தோட்டங்களுக்குச் சென்று, பொழுது சாயும் நேரத்தில் திரும்புகின்றனர். இன்று இந்த ஓட்டத்தில் இருப்பவை பெரும்பாலும் டீசல் ஜீப்புகளே. அவற்றுக்கு முந்தைய தலைமுறையைச் சேர்ந்த பெட்ரோல் ஜீப்புகள் சில, தோட்டத்துக் கொட்டகைகளிலும் வீட்டுத் தாழ்வாரங்களிலும் இன்னும் நிற்கின்றன. அண்மைக்காலமாக அவற்றை மீட்டுப் புதுப்பிக்கும் ஆர்வமும் வளர்ந்திருக்கிறது. மகிந்திரா நிறுவனம் 1940-களின் இறுதியிலிருந்து அமெரிக்க வில்லிஸ் ஜீப்பை இந்தியாவில் பூட்டி விற்கத் தொடங்கியது. அவ்வழியில் வந்த சிஜே-3பி வகையில் 134 கன அங்குலம், அதாவது ஏறத்தாழ 2,200 சிசி கொள்ளளவுள்ள நான்கு சிலிண்டர் எஞ்சின் இருந்தது. இந்த எஞ்சினை அசைத்துத் தொடங்கிவைக்கும் மின்வழி மிக எளியது. அந்த எளிமையே பலரை ஏமாற்றுகிறது.

1912-இல் காடிலாக் கார்களில் சார்லஸ் கெட்டரிங்கின் மின்சாரத் தொடக்கி பொருத்தப்படும் வரை, மோட்டார் வண்டியை ஹேண்டில் போட்டுச் சுற்றியே கிளப்ப வேண்டியிருந்தது. அதன்பின் வந்த அமைப்பு முழுவதையும் ஒரே மூச்சில் சொல்லிவிடலாம்: பேட்டரியிலிருந்து தடித்த கேபிள் ஒன்று ஸ்விட்சுக்கும், அங்கிருந்து செல்ஃப் மோட்டாருக்கும் செல்கிறது, மோட்டார் சுழலும்போது அதன் தண்டிலுள்ள பினியன் என்னும் சிறு பற்சக்கரம் முன்னேறி, ஃபிளைவீலின் விளிம்பைச் சுற்றியுள்ள ரிங் கியரைப் பற்றி எஞ்சினைச் சுழற்றுகிறது, மின்னோட்டம் எஞ்சின் உடல் வழியாகவும் சேஸிஸ் வழியாகவும் பேட்டரிக்குத் திரும்புகிறது. இந்தத் திரும்புவழிக்கு எர்த் என்று பெயர். தொடக்ககால வில்லிஸ் ஜீப்புகளில் ஸ்விட்ச் தரையில் இருந்தது; ஓட்டுநர் அதைக் காலால் மிதிப்பார்; முழு மின்னோட்டமும் அந்த ஸ்விட்சின் செப்புத் தொடுமுனைகள் வழியாகவே பாய்ந்தது. பிற்கால வண்டிகளில் சாவியோ பொத்தானோ சிறு மின்னோட்டத்தால் சோலனாய்டு என்னும் மின்காந்த ஸ்விட்சை இயக்க, அது பெரிய மின்னோட்டத்தை இணைத்துவிடுகிறது.

பெரிய மின்னோட்டம் என்ற சொல்லின் முழுப் பொருளையும் உணர்ந்தவருக்கே இக்கோளாறு பிடிபடும். 12 வோல்ட் பெட்ரோல் வண்டியின் செல்ஃப் மோட்டார், எஞ்சினைச் சுழற்றும்போது 150 முதல் 200 ஆம்பியர் வரை இழுக்கிறது. அசையாத எஞ்சினை அசைக்கத் தொடங்கும் கணத்தில் அதைவிடவும் அதிகம். வழியில் ஏதேனும் ஒரு இணைப்பில் 0.01 ஓம் தடை இருந்தால்போதும், 200 ஆம்பியர் பாயும்போது அங்கே 2 வோல்ட் தொலைந்துபோகிறது. ஒரு டெர்மினலில் படிந்த வெண்ணிறப் பொடியோ, போல்ட்டின் அடியிலுள்ள மெல்லிய துருவோ, கேபிள் முனையில் அறுந்துபோன சில இழைகளோ இத்தடையை உண்டாக்கிவிடும். ஆயினும் சாதாரண மல்டிமீட்டரில் ஓம் அளவைப் பார்த்தால் அந்தத் தடை தெரியாது. மீட்டரின் சொந்த ஒயர்களுக்கே அதைவிட அதிகத் தடை உண்டு. டெஸ்ட் லேம்ப் எனப்படும் சோதனை விளக்கும் இங்கே உதவாது; ஒன்றிரண்டு ஆம்பியர்கூட இழுக்காத அந்தச் சிறு பல்பு, ஒரே ஒரு இழை மிஞ்சிய கேபிளிலும் பளிச்சென்று எரியும். "ஹாரன் அடிக்குதே அண்ணே, பேட்டரி நல்லாத்தானே இருக்கு" என்று வண்டிக்காரர்கள் சொல்வதும் இதே பிழையான கணக்குத்தான். ஹாரனுக்குச் சில ஆம்பியர் போதும்.

வாய்க்காலில் நீர் ஓடாமல் தேங்கி நிற்கும்போது அடைப்பின் இருபுறமும் நீர்மட்டம் ஒன்றாகவே இருக்கும். மடையைத் திறந்து நீர் ஓடத் தொடங்கிய பிறகே அடைப்புக்கு மேலே ஒரு மட்டமும் கீழே ஒரு மட்டமும் தெரியும். மின்வழியும் அவ்வாறே. ஸ்விட்சை அழுத்தி மின்னோட்டம் பாய்ந்துகொண்டிருக்கும் அந்தச் சில நொடிகளில் எடுக்கப்படும் அளவு மட்டுமே உண்மையைச் சொல்லும். எதையும் கழற்றுவதற்கு முன்பு, மின்னோட்டம் பாயும் நிலையில் அளந்து பார்ப்பதே இத்தொழிலின் முதல் விதியாக இருக்க வேண்டும். நடைமுறையில் முதலில் கழற்றப்படுவது செல்ஃப் மோட்டார்தான் என்பது வருத்தத்துக்குரியது.

மலையடிவாரத்தில் இக்கோளாறு நீண்டகாலம் மறைந்தே கிடக்க ஒரு தனிக் காரணம் உண்டு. இப்பகுதி ஓட்டுநர்கள் வண்டியை எப்போதும் இறக்கத்தில் நிறுத்துவார்கள். காலையில் பிரேக்கை விடுவித்து, இரண்டாவது கியரில் கிளட்சை மெல்ல விட்டால் எஞ்சின் கிளம்பிவிடும். செல்ஃப் மோட்டாருக்கு வேலையே இராது. அதனால் மாதக்கணக்கில் வளர்ந்துவந்த கோளாறு, வண்டி சமதரையில் நிற்க நேர்ந்த நாளில்தான் வெளிப்படுகிறது. உரிமையாளரோ அது அன்றைக்குத் திடீரென்று வந்ததாகவே கருதுகிறார். இதற்குத் துணைபோவது டைனமோ. இன்றைய ஆல்டர்னேட்டருக்கு முன்னோடியான இந்த மின்னாக்கி, எஞ்சின் மெதுவாக ஓடும்போது பேட்டரிக்கு எதையும் தருவதில்லை. அந்நிலையில் பேட்டரியின் மின்சாரம் டைனமோவுக்குள் திரும்பிப் பாயாதபடி கட்-அவுட் என்னும் சிறு ரிலே இணைப்பைத் துண்டித்து வைக்கிறது. விடியுமுன் விளக்கெரிய ஆள் ஏற்றிக் காத்திருப்பதும், தோட்டத்துக் கரட்டுப் பாதையில் தவழ்ந்து செல்வதும், மழைக்காலத்தில் வைப்பரை ஓடவிடுவதும் பேட்டரியிலிருந்து எடுப்பவையே அன்றி அதற்குத் தருபவை அல்ல. இத்தகைய ஓட்டத்தில் உள்ள வண்டிக்குப் புதுப் பேட்டரி வாங்கிப் பொருத்தினால் அதுவும் சில வாரங்களில் இறங்கிவிடுவதில் வியப்பில்லை.

சோதனையின் தொடக்கம் ஹேண்டில். பழைய ஜீப்புகளிலும் அம்பாசிடர்களிலும் முன்புறம் ஹேண்டில் நுழைக்க வழி உண்டு. இக்னிஷனை அணைத்து, கியரை நியூட்ரலில் வைத்து, ஹேண்டிலை மெல்லச் சுற்றினால், இரண்டு முழுச் சுற்றுக்குள் நான்கு முறை கம்ப்ரஷனின் எதிர்ப்பு கையில் உணரப்படும். அப்படி உணரப்பட்டால் எஞ்சின் நலமாக இருக்கிறது, கோளாறு மின்வழியிலோ செல்ஃப் மோட்டாரிலோதான் என்பது ஒரு நிமிடத்தில் உறுதியாகிறது. கட்டைவிரலை மற்ற விரல்களோடு ஒரே பக்கமாக வைத்துப் பிடிப்பதும், கீழே அழுத்தாமல் மேல்நோக்கி இழுப்பதும் மரபான பாதுகாப்பு முறை. எஞ்சின் பின்னடித்தால் கட்டைவிரலும் மணிக்கட்டும் முறிந்த நிகழ்வுகள் இத்தொழிலில் அனைவரும் அறிந்தவை.

ஹேண்டில் அசையவே இல்லையென்றால் அடுத்த எண்ணம் எஞ்சின் இறுகிவிட்டது என்பதாக இருக்கக் கூடாது; பினியன் ரிங் கியரில் சிக்கியிருக்கலாம். இக்னிஷனை அணைத்து, டாப் கியரில் போட்டு, வண்டியை முன்னும் பின்னுமாக ஆட்டினால் சிக்கிய பினியன் பெரும்பாலும் 'டக்' என்று விடுபடும். லூகாஸ் வகைச் செல்ஃப் மோட்டார் பொருத்திய வண்டிகளில், மோட்டாரின் பின்முனை மூடிக்குள் தண்டு சதுரமாகச் செதுக்கப்பட்டிருக்கும். அதில் ஸ்பேனர் போட்டுத் திருப்பியும் விடுவிக்கலாம். இவ்விரண்டும் பயன்தராதபோது பிளக்குகளைக் கழற்றிப் பார்க்க வேண்டும். ஹெட் கேஸ்கட் வழியாகச் சிலிண்டருக்குள் தண்ணீர் இறங்கியிருந்தால் பிஸ்டனால் அதை அழுத்த முடியாது. அந்நிலையில் வண்டியைத் தள்ளியோ இழுத்தோ கிளப்ப முயன்றால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். ஈரம் மிகுந்த தோட்டத்துக் கொட்டகையில் பல பருவமழைகளைக் கண்ட வண்டியில் பிஸ்டன் ரிங்குகள் துருவால் ஒட்டிக்கொண்டிருப்பதும் உண்டு. டீசலும் எஞ்சின் ஆயிலும் கலந்து பிளக் துளைகள் வழியாக ஊற்றி, நாள் கணக்கில் ஊறவிட்டு, ஹேண்டிலைச் சிறிது சிறிதாக இருபுறமும் அசைப்பதைத் தவிர இதற்குக் குறுக்குவழி கிடையாது.

எஞ்சின் அசைகிறது என்று தெரிந்தபின் ஹெட்லைட்டை எரியவிட்டு ஸ்விட்சை அழுத்த வேண்டும். விளக்கு துளியும் மங்காமல் எரிந்தால் மோட்டார் வழியே மின்னோட்டம் பாயவில்லை. ஸ்விட்ச், சோலனாய்டு அல்லது மோட்டாருக்குள் உள்ள கார்பன் பிரஷ் ஆகியவற்றில் ஏதோ ஒன்று தொடர்பு விட்டிருக்கிறது. விளக்கு அடியோடு அணைந்து, கையை எடுத்ததும் மீண்டும் எரிந்தால் பேட்டரி டெர்மினல்களில் ஒன்று தொட்டும் தொடாமலும் இருக்கிறது. விளக்கு மங்கிச் சிவப்பாக எரிந்தால் பேட்டரி இறங்கியிருக்கலாம், அல்லது மோட்டார் அளவுக்கு மீறி இழுக்கலாம். ஒலியும் ஒரு சான்றுதான். சோலனாய்டு ஒருமுறை அழுத்தமாகத் தட்டி ஓய்ந்தால் அதன் தொடுமுனைகள் கருகியிருக்க வாய்ப்புண்டு. படபடவென்று தொடர்ந்து தட்டினால் அதைப் பிடித்து வைக்கும் அளவுக்குக்கூட வோல்ட் இல்லை. மோட்டார் மட்டும் விர்ரென்று சுழன்று எஞ்சின் அசையாதிருந்தால் பினியன் முன்னேறவில்லை.

பேட்டரியின் நிலையை ஐயமற அறிய ஹைட்ரோமீட்டரே தக்கது. அமிலத்தின் அடர்த்தி எண் நிறைந்த நிலையில் 1.265 அளவிலும், முற்றிலும் இறங்கிய நிலையில் 1.120 அளவிலும் இருக்கும். ஆறு அறைகளில் ஒன்று மட்டும் மற்றவற்றைவிட மிகவும் தாழ்ந்திருந்தால் அந்தப் பேட்டரியை எத்தனை முறை சார்ஜ் செய்தாலும் பயனில்லை. மின்னோட்டம் இல்லாத நிலையில் 12.6 வோல்ட் காட்டும் நல்ல பேட்டரி, செல்ஃப் எடுக்கும்போது 9.6 வோல்ட்டுக்குக் கீழே போகக் கூடாது. போடி போன்ற வெப்பம் மிகுந்த அடிவாரத்தில் தண்ணீர் விரைவில் வற்றுவதால், தகடுகள் வெளியே தெரியும் அளவுக்கு அறைகள் காய்ந்து கிடப்பது இப்பகுதியில் சாதாரணக் காட்சி.

அளந்து அறிவது என்பது நடைமுறையில் எவ்வாறு அமைகிறது என்பதைக் காட்ட, ராசிங்காபுரத்தில் பழுதுக்கு வந்த, புதுப்பிக்கப்பட்ட 6 வோல்ட் ஜீப் ஒன்றைச் சற்று விரிவாக நோக்கலாம். அவ்வண்டிக்கு வேறிடத்தில் செல்ஃப் மோட்டாரைக் கழற்றிப் புதுக் கார்பன் போட்டிருந்தார்கள். புதுப் பேட்டரியும் வாங்கப்பட்டிருந்தது. ஆயினும் காலால் மிதித்தால் எஞ்சின் அரைச் சுற்றுச் சுற்றி நின்றது. முதலில் எஞ்சின் கிளம்பிவிடாதபடி காயிலிலிருந்து டிஸ்ட்ரிபியூட்டருக்குச் செல்லும் ஒயர் பிடுங்கப்பட்டு எர்த்தில் வைக்கப்பட்டது. ஒருவர் ஸ்விட்சை மிதிக்க, மற்றவர் மீட்டரைப் பிடித்தார். பேட்டரியின் ஈயக் காம்புகளில் 5.1 வோல்ட், செல்ஃப் மோட்டாரின் முனைக்கும் அதன் உடலுக்கும் இடையே 3.1 வோல்ட் மட்டுமே. இடையில் 2 வோல்ட் காணாமல் போயிருந்தது. மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் பாசிட்டிவ் காம்பிலும் மறுமுனையை மோட்டாரின் முனையிலும் வைத்து மிதித்தபோது 0.4 வோல்ட், இந்தப் பக்கத்தில் இரண்டு கேபிள்களும் ஒரு ஸ்விட்சும் இருப்பதால் அது பெரிய குற்றமன்று. நெகட்டிவ் காம்புக்கும் மோட்டார் உடலுக்கும் இடையே 1.6 வோல்ட். கோளாறு திரும்புவழியில் இருந்தது. மீட்டர் முனையை அங்குலம் அங்குலமாக நகர்த்தியதில், காம்புக்கும் கிளாம்புக்கும் இடையே 0.1, கிளாம்புக்கும் சேஸிஸுக்கும் இடையே 0.2, சேஸிஸுக்கும் எஞ்சினுக்கும் இடையே 1.3 என்று இழப்பு பிரிந்து தெரிந்தது.

எஞ்சின் ரப்பர் மவுண்டிங்கின் மேல் உட்கார்ந்திருப்பதால் அதற்கும் சேஸிஸுக்கும் இயல்பாக மின்தொடர்பு கிடையாது. பின்னல் செப்புப் பட்டை ஒன்றே அந்தத் தொடர்பைத் தருகிறது. புதுப்பித்தவர்கள் சேஸிஸ் முழுவதும் தடித்த கறுப்புப் பெயின்ட் அடித்து, அதன்மேலேயே அந்தப் பட்டையை முடுக்கியிருந்தார்கள். போல்ட்டின் மரைகள் வழியாக மட்டும் சிறிது மின்னோட்டம் கசிந்துகொண்டிருந்தது. பெயின்ட்டைச் சுரண்டி, இரும்பு வெள்ளையாகப் பளபளக்கும்வரை உப்புத்தாளால் தேய்த்து, பல்வாஷர் வைத்து முடுக்கி, காற்றும் ஈரமும் புகாதபடி வாஸ்லின் தடவியபின், பேட்டரியில் 4.9 வோல்ட் காட்டியது, மோட்டாரின் அளவோ முன்பைவிட வெகுவாக உயர்ந்திருந்தது. பேட்டரியின் அளவு முன்பைவிடச் சற்றுக் குறைந்ததே நல்ல அறிகுறி. அடைப்பு நீங்கி மின்னோட்டம் அதிகமாகப் பாய்ந்ததன் விளைவு அது. எஞ்சின் தயக்கமின்றிச் சுழன்றது. செலவு ஒரு வாஷர்.

6 வோல்ட் வண்டிகளில் இத்தகைய இழப்பு ஏன் இவ்வளவு கொடுமையாகத் தாக்குகிறது என்பதையும் விளக்க வேண்டும். ஒரே அளவு ஆற்றலுக்கு 6 வோல்ட்டில் இரு மடங்கு மின்னோட்டம் தேவை. ஆகவே அதே தடையில் இழப்பும் இரு மடங்கு. இழப்பது பாதி வோல்ட்டிலிருந்து என்பதால் விகிதம் நான்கு மடங்கு. 12 வோல்ட் காருக்குரிய மெல்லிய கேபிளைக் கடையில் வாங்கிப் பழைய ஜீப்பில் பொருத்துவோர் இக்கணக்கை எண்ணிப் பார்ப்பதில்லை.

எர்த் பட்டை அறவே இல்லாத வண்டிகளும் வருவதுண்டு; கிளட்ச் வேலைக்காகக் கழற்றப்பட்டு, மறுபடி பூட்டப்படாமல் விடுபட்டவை. மின்னோட்டம் எப்படியும் ஒரு வழி தேடும். எஞ்சினையும் பாடியையும் இணைக்கும் சோக் கேபிளோ ஆக்சிலரேட்டர் கேபிளோ அந்த வழியாகிவிடுகிறது. இரண்டு மூன்று முறை செல்ஃப் எடுத்தபின் சோக் கேபிளைத் தொட்டுப் பார்த்தால் சுடும். சில வண்டிகளில் அதன் உறையே புகையும். கேபிள் அடிக்கடி இறுகிப்போவதாகச் சொல்லி வரும் வண்டியில் எர்த் பட்டையைத் தேடிப் பார்ப்பது அனுபவத்தால் வந்த பழக்கம்.

பழைய பிரிட்டிஷ் வண்டிகளைத் தொடுவோர் மற்றொன்றையும் அறிந்திருக்க வேண்டும். அம்பாசிடருக்கு மூலமான மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டில் பேட்டரியின் பாசிட்டிவ் முனையே எர்த் செய்யப்பட்டிருந்தது. இதை அறியாமல் பேட்டரியை மாற்றி இணைத்தாலும் செல்ஃப் மோட்டார் வழக்கமான திசையிலேயே சுழலும். அதன் ஃபீல்டு காயிலும் ஆர்மேச்சரும் தொடராக இணைக்கப்பட்டிருப்பதால் இரண்டின் காந்தத் திசையும் ஒருசேர மாறி, சுழலும் திசை மாறாமல் நின்றுவிடுகிறது. ஆகவே தவறு நடந்ததே தெரியாது. ஆம்மீட்டர் முள் எதிர்ப்புறம் சாய்வதையும், கட்-அவுட் கருகிப்போவதையும் கண்ட பிறகே தெரியவரும்.

மின்வழி முழுவதும் சரியாக இருந்து, மோட்டாரின் முனைக்கு உரிய வோல்ட் வந்தும் அது சுழலாதபோதுதான் மோட்டாரைக் கழற்ற வேண்டும். அதற்குமுன் பேட்டரியின் எர்த் கேபிளை முதலில் விடுவித்து, எல்லாம் முடிந்தபின் கடைசியாக இணைப்பது கட்டாயம். ஸ்பேனர் பாடியில் பட்டுத் தீப்பொறி எழுந்தால், பேட்டரியிலிருந்து வெளிவரும் ஹைட்ரஜன் வாயு வெடிக்கக்கூடும். சுத்தியல் பிடியால் மோட்டாரை மெல்லத் தட்டியதும் சுழன்றது என்றால் கார்பன்கள் தேய்ந்தோ கூட்டில் சிக்கியோ இருக்கின்றன. தண்டைத் தாங்கும் வெண்கல புஷ் தேய்ந்திருந்தால் ஆர்மேச்சர் சாய்ந்து காந்த முனைகளில் உரசும். உரசிய தடம் ஆர்மேச்சரின் மேல் பளபளப்பாகத் தெரியும். புதிய புஷ்ஷை மெல்லிய எஞ்சின் ஆயிலில் 24 மணி நேரம் ஊறவைத்துப் பொருத்த வேண்டும் என்பது பழைய தொழில்முறை விதி; நுண்துளைகள் கொண்ட அந்த வெண்கலம் தான் குடித்த ஆயிலைக்கொண்டே ஆயுள் முழுவதும் ஓடுகிறது. இந்த ஒரு நாளைப் பொறுக்க மாட்டாத அவசரத்தால் வீணான மோட்டார்கள் பல.

பெண்டிக்ஸ் எனப்படும் பினியன் அமைப்புக்கோ எண்ணெயே பகை. மோட்டார் சட்டெனச் சுழலும் வேகத்தில் பினியன் திருகுமரையின் மேல் தானாக முன்னேறும்படி அமைக்கப்பட்டுள்ளது. அதில் கிரீஸ் தடவினால் கிளட்ச் தூசியும் மலைப்பாதையின் செம்மண்ணும் ஒட்டி, பினியன் பாதி வழியில் நின்றுவிடும். மண்ணெண்ணெயில் கழுவி, உலரவிட்டுப் பூட்டுவதே முறை. ரிங் கியரையும் அப்போதே ஒரு முழுச் சுற்று சுற்றிப் பார்க்க வேண்டும். நான்கு சிலிண்டர் எஞ்சின் அணையும்போது கம்ப்ரஷனால் தடுக்கப்பட்டுப் பெரும்பாலும் எதிரெதிரான இரண்டே இடங்களில் நிற்கிறது. ஆகவே பினியன் மீண்டும் மீண்டும் மோதுவது அந்த இரு இடங்களிலுள்ள பற்களின் மேல்தான். சில வேளைகளில் எடுத்தும் சில வேளைகளில் கரகரத்தும் போகும் வண்டியில், ஹேண்டிலால் எஞ்சினைச் சிறிது திருப்பிவிட்டதும் செல்ஃப் எடுத்தால் காரணம் இதுவே. புது ரிங் கிடைக்காத பழைய எஞ்சினில், இருக்கும் ரிங்கைச் சூடேற்றிக் கழற்றி, கால் சுற்று திருப்பிப் பொருத்தித் தேயாத பற்களைப் பயன்பாட்டுக்குக் கொண்டுவரும் வழக்கம் பட்டறைகளில் உண்டு.

டீசல் ஜீப்புக்கும் இவற்றுள் பெரும்பாலானவை பொருந்தும். கம்ப்ரஷன் மிக அதிகம் என்பதால் அதன் மோட்டார் இழுக்கும் மின்னோட்டமும் அதிகம். அடிவாரத்தில் சமாளித்துவிடும் அரைகுறை இணைப்பு, மேலே தோட்டத்துக் குளிரில் எஞ்சின் ஆயில் கெட்டிப்பட்ட காலையில் கைவிட்டுவிடும்.

பழுது நீங்கியதா என்பதைப் பட்டறை வாசலில் முடிவுசெய்ய இயலாது. வண்டியை முந்தலுக்கு அப்பால் சில வளைவுகள் ஏற்றி, எஞ்சின் நன்கு சூடேறியபின் அணைத்து, அந்தச் சூடு செல்ஃப் மோட்டாருக்குள் இறங்கும்படி பத்து நிமிடம் விட்டு, செல்ஃப் எடுத்துப் பார்ப்பது ஒரு சோதனை. இரவு முழுவதும் சமதரையில், சக்கரத்துக்குக் கல் வைத்து நிறுத்தி, அதிகாலையில் ஹெட்லைட்டை எரியவிட்டபடியே செல்ஃப் எடுத்துப் பார்ப்பது மற்றொன்று. இரண்டிலும் மீட்டரின் அளவு முந்தைய நாள் குறித்து வைத்ததோடு ஒத்துப்போனால் மட்டுமே வண்டி உரிமையாளரிடம் ஒப்படைக்கப்படுகிறது. அப்போதும், சில வாரங்களுக்கு அதை இறக்கத்தில் நிறுத்த வேண்டாம் என்று அவரிடம் சொல்லி அனுப்பப்படுகிறது.